மானிட்டர் வாங்கப் போனால் புள்ளியைப் பாருங்கள்

மானிட்டர் வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பென் டிரைவ் கொண்டுபோவது என் வழக்கம். அதில் ஒரே ஒரு பிடிஎஃப் கோப்பு இருக்கும். பக்கம் முழுக்கத் தமிழ் உரை, பத்து பாயின்ட் அளவில். கடைசிப் பத்தி மட்டும் எட்டு பாயின்ட். கடையில் ஓடிக்கொண்டிருப்பது பனிமலை, பவளப்பாறை, பழத்தை இரண்டாக வெட்டும் வீடியோ. அதில் எந்த மானிட்டரும் அழகாகத்தான் தெரியும். நான் என் கோப்பைத் திறந்து நூறு சதவீதத்தில் வைத்துவிட்டு, ஒரு கை நீளம் தள்ளி நின்று பார்ப்பேன். 'திருமணம்' என்பதில் ணகரத்துக்கு மூன்று சுழியும் தெரிகிறதா, 'கொடி'யின் ஒற்றைக் கொம்பும் 'கோடி'யின் இரட்டைச் சுழிக் கொம்பும் பிரிந்து தெரிகின்றனவா, மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா. அவ்வளவுதான் சோதனை. சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சில கடைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. "சார், உங்க பிடிஎஃப் போடவா?" என்று அவர்களே கேட்பார்கள்.

எனக்குப் பிழைப்பு டிடிபி. திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள், சங்க ஆண்டறிக்கை, கவிதைத் தொகுப்பு என்று வருவதையெல்லாம் கோர்த்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைத் திரையில் பார்க்கிறவனுக்கு மானிட்டர் விளம்பரத்தில் இருக்கும் எண்களில் பாதி வேண்டாதவை. மீதிப் பாதி மிக முக்கியம். எது எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் தமிழுக்கு ஏன் தனிக் கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பழைய காலத்திலிருந்தே ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் (திரையின் மிகச் சின்னக் கட்டம்) என்று வைத்துக்கொண்டு எழுத்தை வரைகிறது. அந்தக் கணக்கில் பத்து பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை கிடைப்பது ஏறத்தாழ 13 பிக்சல். அதற்குள் மேலே விசிறிக்கும் ('கி'யின் தலை வளைவு) புள்ளிக்கும் இடம் வேண்டும், கீழே 'கு', 'மூ' போன்றவற்றின் வாலுக்கும் இடம் வேண்டும். மிஞ்சுவதில்தான் எழுத்தின் உடல். ஆங்கில 'ஓ'வுக்கு அது தாராளம். நம் ஞகரத்துக்கும் ணகரத்துக்கும் போதாது. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒரே ஒரு பிக்சலாகச் சுருங்கும், அதுவும் சில எழுத்துருக்களில் பாதிச் சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மங்கினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். தமிழில் மெய்ப்புப் பார்ப்பவர் அந்தப் புள்ளியைத் தேடித்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ரெசல்யூஷன், அதாவது திரையில் குறுக்கும் நெடுக்கும் எத்தனை பிக்சல் என்பது, எங்களுக்கு அழகு சமாச்சாரம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சென்டரில் இருந்தவை 15 அங்குலப் பெட்டி மானிட்டர்கள். 15 என்பது குழாயின் அளவு. கண்ணுக்குத் தெரியும் பகுதி 14 அங்குலத்துக்கும் குறைவு. விண்டோஸ் 98, பக்கம் கட்டப் பேஜ்மேக்கர் 6.5 மென்பொருள். அந்த மானிட்டர்களில் ரெஃப்ரெஷ் ரேட் என்பது நேரடியாகத் தலைவலி சம்பந்தப்பட்ட விஷயம். உள்ளே மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டே போகும். வரைந்த இடம் சில மில்லிநொடியில் மங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 தடவை திரை பளிச்சென்று எரிந்து மங்குகிறது என்று பொருள். நேராகப் பார்க்கும்போது பலருக்கு அது தெரியாது. மானிட்டருக்கு மேலே சுவரைப் பார்த்தால் கண்ணின் ஓரத்தில் திரை நடுங்குவது தெரியும், ஏனென்றால் மினுக்கலை நடுப்பார்வையைவிட ஓரப்பார்வை சீக்கிரம் பிடித்துவிடும். 75 ஹெர்ட்ஸில் குறையும். 85இல் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். அந்தக் காலத்து அறிவுரை 85 என்றிருந்தது சும்மா இல்லை.

ஆனால் அந்த 85 இலவசமாக வராது. மானிட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 30–54 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். நொடிக்கு அதிகபட்சம் 54,000 கோடுகள் வரைய முடியும் என்பது அதன் அர்த்தம். 800 × 600இல் 85 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 53,700 கோடுகள் வேண்டும், தாங்கும். 1024 × 768இல் 75 ஹெர்ட்ஸுக்கே 60,000 வேண்டும், தாங்காது. அங்கே 60தான் கதி. ஆக, பெரிய பக்கம் வேண்டுமென்றால் நடுங்கும் திரை, நடுங்காத திரை வேண்டுமென்றால் பேஜ்மேக்கரின் கருவிப்பட்டைகளே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் முதலாளி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். டைப் அடிக்கிறவர்களுக்கு 15 அங்குலம், 800 × 600, 85 ஹெர்ட்ஸ். பக்கம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் விலை கூடிய 17 அங்குலம், 1024 × 768, அதே 85. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத் திரையைக் கொடுக்கும் அந்தப் பழக்கத்தை இன்றைக்கும் நிறைய அலுவலகங்களில் காணோம். எல்லோருக்கும் ஒரே மாடல் மொத்தமாக வாங்கி இறக்கிவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தின் இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். திரையில் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் லேசாக அலைந்துகொண்டே இருக்கும். மானிட்டர் போச்சு என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவார்கள். பல நேரம் காரணம் மேசைமேல் ஒட்டி வைத்த ஸ்டெபிலைசர்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஸ்டெபிலைசரின் காந்தப்புலமும் 50இல் துடிக்கும், மானிட்டர் 60இல் வரையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10, அதுதான் நொடிக்குப் பத்து அலையாகக் கண்ணில் தெரியும். ஸ்டெபிலைசரைத் தரையில் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

எல்சிடி வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது. ஆனால் மனிதர்கள் பழைய கணக்கையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் சீனியர் ஒருவர் புது எல்சிடி எதைப் பார்த்தாலும் முதல் வேலையாக 60ஐ 75க்கு மாற்றுவார். "கண்ணு கெட்டுப்போயிடும்டா தம்பி" என்பார். எல்சிடியில் பிக்சல் மங்கி எரிவதில்லை. அடுத்த உத்தரவு வரும்வரை அப்படியே நிற்கிறது. பின்னாலிருக்கும் விளக்குதான் வெளிச்சம், அதற்கும் ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை. அதனால் எழுத்து படிக்கிற விஷயத்தில் 60 ஹெர்ட்ஸ் எல்சிடி நடுங்காது. அன்றைக்கு எங்களிடம் இருந்ததோ விஜிஏ என்ற பழைய அனலாக் கேபிள். அதில் 75 வைத்தால் சிக்னல் வேகமாகப் போய் எழுத்து விளிம்பு இன்னும் கொஞ்சம் குழம்பியதுதான் மிச்சம். விஜிஏ இன்றும் சில அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உயிரோடு இருக்கிறது. அங்கே எழுத்து நிழலடித்தால் மானிட்டரில் இருக்கும் ஆட்டோ பட்டனை, திரை நிறைய எழுத்து இருக்கும்போது ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வெற்றுத் திரையில் அழுத்தினால் மானிட்டருக்குப் பிடிமானம் கிடைக்காது.

எல்சிடியின் உண்மையான சட்டம் வேறு. அதற்குப் பிறவி ரெசல்யூஷன் ஒன்று உண்டு. அதில்தான் அதை ஓட்ட வேண்டும். எங்களுக்கு வந்த 17 அங்குல எல்சிடிகள் 1280 × 1024. மெய்ப்புப் பார்க்க வரும் தமிழாசிரியர் ஐயா ஒருவர் எழுத்து பொடியாக இருக்கிறது என்று 1024 × 768க்கு மாற்றச் சொல்வார். எழுத்து பெரிதாகும், உண்மை. ஆனால் 1024 பிக்சலை 1280 பிக்சலில் நிரப்புவது நாலு இட்லியை ஐந்து பேருக்குப் பங்கு வைக்கிற கதை. எந்தக் கோடும் முழு பிக்சலில் உட்காராது. போதாக்குறைக்கு அகல உயர விகிதமும் வேறு: 1024 × 768 என்பது 4:3, மானிட்டர் 5:4. எழுத்து உயரவாக்கில் இழுபட்டு நிற்கும். புள்ளி பெரிதாகும், ஆனால் பஞ்சுபோல ஆகிவிடும். ஐயாவின் தேவை நியாயமானது, கண்ணுக்கு எட்டவில்லை. அதற்கான பொத்தான் ரெசல்யூஷன் இல்லை, ஸ்கேலிங். பிக்சல்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கு அதிகப் பிக்சல் ஒதுக்கச் சொல்வது. அப்போது விண்டோஸ் எக்ஸ்பியில் அது 120 டிபிஐ என்ற பெயரில் எங்கோ ஒளிந்திருந்தது. இப்போது டிஸ்ப்ளே செட்டிங்ஸில் முதல் பக்கத்திலேயே 100, 125, 150 என்று இருக்கிறது. எழுத்து பெரிதாக வேண்டும் என்று இன்றும் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை வங்கியிலும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வெளியே உள்ள டைப்பிங் கடைகளிலும் பார்க்கிறேன். கை துறுதுறுக்கும். சில இடங்களில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், சில இடங்களில் முறைத்தார்கள்.

சரி, இப்போது வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்? ரெசல்யூஷன் என்ற எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அது எத்தனை அங்குலத்தில் பரவியிருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920 × 1080 என்ற ஃபுல் எச்டி 21.5 அங்குலத்தில் அங்குலத்துக்கு 102 பிக்சல். 24இல் 92. அதையே 27 அங்குலத்தில் விரித்தால் 82தான். 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் விலைக்குப் பெரிதாகத் தெரியும், நிறைய விற்கிறது. படம் பார்க்க, விளையாட, நன்றாக இருக்கும். என் பிடிஎஃப் அதில் தோற்றுவிடும். ஒவ்வொரு பிக்சலும் 0.31 மில்லிமீட்டர், கை நீளத்தில் எழுத்தின் படிக்கட்டு தெரிகிறது. பழைய பெட்டி மானிட்டரில்கூடப் புள்ளி இடைவெளி 0.28 மில்லிமீட்டராகத்தான் இருந்தது என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

27 அங்குலத்துக்கு 2560 × 1440 சரியான பொருத்தம்: அங்குலத்துக்கு 109 பிக்சல், ஸ்கேலிங் இல்லாமலே ஓட்டலாம். 32 அங்குலத்தில் அதே 1440 என்றால் மறுபடி 92, அதாவது 24 அங்குல ஃபுல் எச்டியின் அதே கூர்மை, அகலம் மட்டும் கூடுதல். சிலருக்கு அது பிடிக்கும், குறிப்பாக எக்செல்லில் வாழ்கிறவர்களுக்கு. 4கே என்று சொல்லும் 3840 × 2160ஐ 27 அங்குலத்தில் வைத்தால் 163 பிக்சல். சராசரி நல்ல பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பார்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர் சுமார். 27 அங்குல 4கேயில் பிக்சல் 0.155. அதாவது பிக்சல் கண்ணுக்குத் தனியாகத் தெரிவது நின்றுபோகும் எல்லையை அங்கே தாண்டிவிடுகிறோம். முதன்முதலில் அதில் ஒரு பக்கத்தைத் திறந்தபோது லேசர் பிரிண்ட் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. மெய்ப்புக்கு நான் அச்செடுப்பது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. தாள் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டால் மானிட்டர் விலையில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும்.

பக்க வடிவமைப்பு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கொசுறு. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். 24 அங்குல அகலத் திரையின் உயரம் 29.9. பக்கம் அசல் அளவில் நிற்கும், ஆனால் மெனுவுக்கும் டாஸ்க்பாருக்கும் இடமிருக்காது. 27 அங்குலத்தில் உயரம் 33.6, அகலம் கிட்டத்தட்ட 60. இரண்டு ஏ4 பக்கங்கள் அருகருகே அசல் அளவில் உட்கார்ந்து, ஓரத்தில் கருவிப்பட்டைக்கும் இடம் மிஞ்சும். நான் 27இல் நின்றதற்கு முழுக் காரணம் இதுதான். 32 வைத்துப் பார்த்தேன், கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

4கே வாங்கியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் கேபிள். பக்கத்துக் கடையில் ஆடிட்டர் ஒருவர் புது 4கே மானிட்டர் வாங்கி, "மவுஸ் இழுக்குது சார், கம்ப்யூட்டர் ஸ்லோ" என்றார். ரேம் கூட்டச் சொல்லி யாரோ செலவு வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் திரை 30 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய லேப்டாப்பில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4. அந்த வழியில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் 1.2. கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றும் அதைத் தாங்க வேண்டும், ஒன்று பழசானாலும் மொத்தமும் பழசாகிவிடும். யூஎஸ்பி-சி டாக் (லேப்டாப்பின் ஒரே துளையில் பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். மலிவான டாக்குகள் பல 4கே ஆதரவு என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 30 ஹெர்ட்ஸ் என்பதைப் பொடி எழுத்தில் போடும். 30இல் எழுத்து கூர்மையாகத்தான் தெரியும், ஆனால் மவுஸ் அம்பு கைக்குப் பின்னால் வரும். அதில் ஒரு நாள் வேலை செய்தால் மணிக்கட்டும் மனதும் சேர்ந்து களைத்துவிடும். ஆடிட்டரின் லேப்டாப்பிலேயே ஒரு மினி டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தது. அதற்குரிய கேபிள் வாங்கிப் போட்டதும் 60 வந்துவிட்டது.

உங்களுடையது எத்தனையில் ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் ஒன்றாக இருக்கும். 59.94 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது அமெரிக்கத் தொலைக்காட்சிக் காலத்துப் பழைய எச்சம், 60 என்றே எடுத்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகு திரை கறுத்துவிட்டாலும் எதையும் தொடாமல் சும்மா இருங்கள், 15 நொடியில் விண்டோஸ் தானாகப் பழையபடி திரும்பிவிடும்.

4கேயின் இன்னொரு விலை ஸ்கேலிங். 27 அங்குலத்தில் 150 சதவீதம் வைத்தால் இடவசதி 2560 × 1440 அளவுக்கு வரும், கூர்மை மட்டும் 4கே. புதிய மென்பொருள்களில் இது அருமையாக வேலை செய்யும். எங்கள் தொழிலில் பேஜ்மேக்கர் இன்னும் சாகவில்லையே, அதுதான் பிரச்சினை. பழைய எழுத்துருக் கோப்புகளோடு வருகிற வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதற்கு ஸ்கேலிங் என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் அதைச் சின்னதாக வரையவிட்டு, படமாக இழுத்துப் பெரிதாக்குகிறது. ஆகவே 4கேயில் பேஜ்மேக்கர் மூடுபனிக்குள் இருப்பதுபோல் தெரியும். அதன் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே ஹை டிபிஐ செட்டிங்ஸ். அதில் ஓவர்ரைடு போட்டு 'அப்ளிகேஷன்' என்று வைத்தால் எழுத்து கூர்மையாகும், ஆனால் மெனு எல்லாம் எறும்பு அளவாகிவிடும். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பது நடுவழி, சில மென்பொருள்களில் மட்டும் பலன் தரும். நாள் முழுக்கப் பழைய மென்பொருளில்தான் வேலை என்றால் 4கேக்குக் காசு கொடுக்காதீர்கள். 24 அங்குல ஃபுல் எச்டியோ 27 அங்குல 1440ஓ நூறு சதவீதத்தில் வைத்துக்கொள்வதே நிம்மதி.

மேக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: 2018இல் வந்த மொஹாவே என்ற மேக் இயங்குதளம் முதல் ஆப்பிள் எழுத்து விளிம்பை மெருகேற்றும் பழைய முறையைக் கைவிட்டுவிட்டது. அதனால் அடர்த்தி குறைந்த மானிட்டரை மேக்கோடு இணைத்தால் தமிழ் எழுத்து விண்டோஸில் தெரிவதைவிடச் சோகையாகத் தெரியும். மேக்குக்கு 4கே ஆடம்பரம் இல்லை.

கண்ணைப் பற்றிப் பேசாமல் இது முழுமையாகாது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும். எனக்கும் வந்தது. கண்ணாடிக் கடையில் கொடுத்தது புரோகிரஸிவ் லென்ஸ்: மேலே தூரம், கீழே புத்தகம். மானிட்டர் இருப்பதோ இரண்டுக்கும் நடுவில். லென்ஸின் சரியான பட்டையைத் தேடி நாடியைத் தூக்கித் தூக்கி மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பலர் இந்த நிலையில் மானிட்டரை மாற்றுகிறார்கள், பெரிதாக்குகிறார்கள், ஹெர்ட்ஸைக் கூட்டுகிறார்கள். கண் மருத்துவரிடம் போகும்முன் இஞ்ச் டேப்பால் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த எண்ணைச் சொல்லி, கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். எனக்கு 65 சென்டிமீட்டர். எந்த மானிட்டரும் செய்யாததை அந்தக் கண்ணாடி செய்தது. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று கூடுதலாக விற்பார்கள். கண் களைப்புக்கு அது தேவையில்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, ஏசி காற்று வேறு நேராக முகத்தில் அடிக்கும், கண் காய்ந்து எரிகிறது. ஏசியின் தகடைத் திருப்பி வைத்தாலே பாதி குறையும்.

ஹெர்ட்ஸ் சரி, கண்ணாடி சரி, ஆனாலும் ராத்திரி வேலையில் மட்டும் கண் நோகிறது என்றால் பின்விளக்கைச் சந்தேகப்படலாம். சில எல்இடி மானிட்டர்களில் பிரைட்னஸைக் குறைத்தால் விளக்கு மங்குவதில்லை. நொடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரிகிறது, நமக்கு மங்கலாகத் தோன்றுகிறது. பெட்டி மானிட்டரின் பழைய வியாதி வேறு வேடத்தில் வந்திருப்பதுதான் இது. கண்டுபிடிக்கச் செலவில்லை. அறை விளக்கை அணைத்து, திரையில் வெள்ளைப் பக்கம் வைத்து, பிரைட்னஸைக் குறைத்து, ஒரு பென்சிலைத் திரைக்கு முன் விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். ஒரே வழுவழுப்பான நிழலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாக நாலைந்து பென்சில் தெரிந்தால் விளக்கு மினுக்குகிறது. அப்படிப்பட்ட மானிட்டரில் பிரைட்னஸைக் கூட்டி வைத்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் டிரைவரிலோ மென்பொருளிலோ வெள்ளையைச் சாம்பலாக்கிச் சமாளிக்கலாம். புதிதாக வாங்குவதென்றால் ஃபிளிக்கர் ஃப்ரீ என்று போட்டிருப்பதை வாங்கிவிடலாம், இப்போது அது எல்லா விலையிலும் கிடைக்கிறது.

இனி 100, 144, 165, 240 ஹெர்ட்ஸ். என் அக்கா மகன் வாலரன்ட் என்ற கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறவன், அவனிடம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது. "மாமா, உங்க வேலைக்கும் இதுதான் வேணும், கண்ணு வலிக்காது" என்றான். அதில் என் கோப்பைப் போட்டுப் பார்த்தேன். அசையாமல் நிற்கும் பக்கத்தில் 60க்கும் 144க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்தை மேலே நகர்த்தும்போதுதான் தெரிந்தது. 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி அப்படியே நிற்கும், கண்ணோ எழுத்தோடு வழுக்கிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் எழுத்து பூசினாற்போல் ஆகிவிடுகிறது. 144இல் 6.9 மில்லிநொடிதான். நகரும்போதே தலைப்புகளைப் படிக்க முடிந்தது. நீளமான கோப்பில் ஓர் இடத்தைத் தேடி ஓடும்போது இது உண்மையிலேயே சுகம். கண் வலி குறைந்ததா என்றால், எனக்கு இல்லை. 60இலிருந்து 75க்குப் போனால் நான் உணரவே இல்லை. 100, 120 என்றால் உணர்கிறேன். அதற்கு மேல் எழுத்து வேலைக்குப் பணம் கொடுப்பது வீண். பட்ஜெட்டில் ஒன்றைத்தான் கூட்ட முடியும் என்றால் பிக்சலைக் கூட்டுங்கள், விளையாடுகிறவர் வீட்டில் இருந்தால் ஹெர்ட்ஸைக் கூட்டுங்கள். சொல்ல மறந்துவிட்டேனே, அவனுடைய 144 மானிட்டர் அதுவரை 60இலேயே ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் தானாகக் கூட்டவில்லை, அவனும் பார்க்கவில்லை. பெட்டியில் 144 என்று போட்டிருந்ததையே அவன் கண் அனுபவித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியபிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

2020 ஊரடங்கில் டிவியை மானிட்டராக்கிய வீடுகள் பல, எங்கள் வீடும் சேர்த்து. 32 அங்குல எச்டி ரெடி டிவி என்றால் 1366 × 768, அங்குலத்துக்கு 49 பிக்சல். மேசையில் வைத்துத் தமிழ் படிக்க அது ஆகாது, எதிர்ச்சுவரில் வைத்து ஆன்லைன் வகுப்பு பார்க்கலாம். 4கே டிவி என்றால் சமாளிக்கலாம். ஆனால் டிவிகள் நிறத் தகவலைச் சுருக்கிக்கொள்ளும், சிவப்பு எழுத்து கறுப்புப் பின்னணியில் கலங்கும், ஓரங்களும் வெட்டுப்படும். அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்குப் பிசி என்று பெயர் கொடுத்தால் எழுத்தும், ஜஸ்ட் ஸ்கேன் போன்ற ஏற்பாட்டை இயக்கினால் ஓரமும் பல டிவிகளில் சரியாகிவிடும்.

இப்போது என் மேசையில் 27 அங்குல 4கே ஒன்றும், பக்கத்தில் பழைய 24 அங்குல ஃபுல் எச்டி ஒன்றும் இருக்கின்றன. இப்படி ஜோடி சேராத இரண்டை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 4கேயில் 150, பழையதில் 100 என்று வைத்தால் ஒரே எழுத்து இரண்டு திரையிலும் வெவ்வேறு அளவில் தெரியும், கண் போய்ப் போய்ச் சரிசெய்துகொண்டே இருக்கும். 4கேயை 175 சதவீதத்தில் வையுங்கள். 163ஐ 1.75ஆல் வகுத்தால் 93, பழையது 92, எழுத்து அளவு ஒட்டிப்போகும். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு திரைகளின் படத்தையும் இழுத்து, மேசையில் இருப்பதுபோலவே ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மவுஸ் அம்பு ஒரு திரையிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும்போது நினைத்த உயரத்தில் போய்ச் சேராது. பழைய திரையில் வாட்ஸ்அப்பும் கோப்புப் பட்டியலும். மெய்ப்பு மட்டும் 27இல்.